சொல்லாமல் வைத்த பொறி

இந்நேரம் 'டப்'பென்று ஒரு சத்தம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அடுக்களைத் தரையில் முந்தானையை உருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டு படுத்திருந்த தையல்நாயகி கண்ணை மூடியிருந்தாளே தவிர, காது மட்டும் எழுந்துபோய்ப் பக்கத்துச் சாமான் அறை வாசலில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு மாயவரமே சுருண்டு கிடக்கிற நேரம். கூடத்தில் மின்விசிறி சுற்றுக்கு ஒரு தரம் முனகியது. அதற்கடியில் கட்டிலில் அவள் புருஷன் குஞ்சிதபாதம் அதற்குப் பதில் சொல்கிற மாதிரி குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். தூங்கட்டும், அவர் தூங்கினால்தான் வீடு வீடாக இருக்கிறது. சாமான் அறையில் அரிசி டிரம்முக்கும் சுவருக்கும் நடுவே பழைய மரப்பொறிப் பெட்டி, அந்தப் பெட்டிக்குள்ளே இன்று காலையில் அவள் வாங்கிவந்து யாருக்கும் சொல்லாமல் வைத்த இரும்புப் பொறி வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது, அதன் நாக்கில் ஒரு மசால் வடை. சொல்லக்கூடாது. எலி என்றோ பொறி என்றோ வாய்விட்டுச் சொன்னால் அதற்குக் காது கேட்டுவிடும், உஷாராகிவிடும் என்பது கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவளுக்கு விதித்த சட்டம். 'அது' என்று சொல்லலாம், முகவாயால் காட்டலாம், பொறியைப் பேப்பரில் சுற்றிப் புடவைக் கடையிலிருந்து வருகிற மாதிரி எடுத்துவரலாம். மத்தியானம் சாப்பிடும்போது அவர் மூக்கை உறிஞ்சி, "என்னடி, சோம்பு வாசனை வருது?" என்றார். அவள் சாமான் அறைப் பக்கம் முகவாயை ஒரு வெட்டு வெட்டினாள். "ம்" என்றார், மோரை ஊற்றிக்கொண்டார். என்ன பொறி, எப்படி வைத்தாய் என்று அவரும் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. கேட்கக்கூடாது, சொல்லக்கூடாது. இந்த வீட்டில் பேசக்கூடாதது என்று ஒன்றா இரண்டா, அதோடு இதுவும் ஒன்று.

அந்த எலி இன்று மாட்டியாக வேண்டும். மாட்டாவிட்டால் கால் போய்விடும். வலது காலில் கட்டைவிரலுக்குப் பக்கத்து விரல். முதல் நாள் காலையில் போர்வையில் ரத்தத்தைப் பார்த்துவிட்டுக் கட்டில் ஆணி கிழித்திருக்கும் என்றுதான் நினைத்தாள். மறுநாள் விரல் நுனியில் சதையைக் கிள்ளி எடுத்த மாதிரி ஒரு பள்ளம். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. சர்க்கரை வந்து முழங்காலுக்குக் கீழே மரத்துப்போய் நாளாயிற்று, செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியாமல் வெறுங்காலோடு தெருக்கோடி வரை நடந்துவிட்டு வருவார். டாக்டர் விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது ஆணியெல்லாம் இல்லம்மா, எலி கடிச்சிருக்கு. இன்னொரு தடவ கடிச்சா வெரல் இல்ல, பாதத்தையே எடுக்க வேண்டி வரும்" என்றார். ஊதி ஊதிக் கடிக்குமாம் எலி, கடிபடுகிறவனுக்கு வலிக்காமல் இருக்க. அந்த மட்டுக்கும் அதற்கு ஒரு தயவு இருக்கிறது. இவர் அவளை எத்தனை வருஷமாகக் கடித்திருக்கிறார், ஒரு தரமாவது ஊதினாரா? குழம்பில் உப்பு தூக்கலாயிருந்தால் கடி, பால்காரனோடு ரெண்டு வார்த்தை சிரித்துப் பேசினால் கடி, அவள் அண்ணன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டு ஒருநாள் தாமதமாக வந்ததற்கு நடுக்கூடத்தில் பத்துப் பேர் பார்க்கக் கடி. குஞ்சிதபாதம் என்று பேர் வைத்தவர்கள் சிதம்பரத்து நடராஜாவின் தூக்கிய பாதத்தை நினைத்து வைத்தார்கள். அந்தப் பாதத்தை மடியில் வைத்து ராத்திரி ராத்திரி மருந்து போட்டுத் துணி சுற்றுகிறவள் இவள். காலைத் தொட்டால் அவருக்குத் தெரியாது. தெரியாததாலேயே தொட முடிகிறது. முன்னெல்லாம் இப்படித் தொட்டிருந்தால் என்னடி என்று உதறியிருப்பார்.

காலையில் மணிக்கூண்டுக்குப் பக்கத்து இரும்புக்கடைக்குப் போனபோது அந்தக் கடைக்காரத் தம்பி சிரித்தான். "என்னக்கா, இன்னுமா அந்த மரப்பொறிய வச்சிக்கிட்டு மல்லுக்கட்டறீங்க?" என்று பலகையின் மேல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். பசை அட்டை. பிரித்து வைத்தால் போதும், அதன்மேல் ஓடுகிற எலி ஒட்டிக்கொள்ளும், அப்படியே மடித்துக் குப்பையில் போடலாம். அடுத்த வீட்டில் ஒருதரம் வைத்திருந்தார்கள், அவள் பார்த்திருக்கிறாள். ஒரு பக்கத்துத் தோலே பிய்ந்து, அசைய முடியாமல், கண்ணை மட்டும் உருட்டிக்கொண்டு பொழுது சாயும் வரை உயிரோடு கிடந்தது. அது அவளைத்தான் பார்த்தது. உனக்குப் புரியுமே என்கிற மாதிரி பார்த்தது. வேண்டாம் தம்பி, அதை உள்ளே வை. அப்புறம் கம்பிக்கூண்டு. அதில் உயிரோடு மாட்டும், அப்புறம் வாளித் தண்ணீரில் முக்கவேண்டும், அல்லது தூக்கிக்கொண்டுபோய் எங்காவது விடவேண்டும், விட்டால் நமக்கு முந்தி அது வீட்டுக்கு வந்துவிடும். அப்புறம் விஷக்கட்டி, பச்சை நிறத்தில் சோப்பு மாதிரி. கேக் என்றுதான் அதற்குப் பேராம், கேக்! அதைத் தின்றுவிட்டுப் பரணிலோ பீரோவுக்கு அடியிலோ போய்ச் செத்து வைத்தால் நாறும் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டாள். ஆனால் கொடுப்பதற்கு முன்னால் கொஞ்ச நேரம் அந்த டப்பாவைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாளே, அப்போது என்ன நினைத்தாள்? ஒன்றும் நினைக்கவில்லை. நினைத்தாள். வேண்டாம், அதை இப்போது எடுக்கவேண்டாம். கடைசியாக அந்தத் தம்பி எடுத்ததுதான் இரும்புப் பொறி, பலகையில் ஸ்பிரிங் வைத்து அடிக்கிற சாதி. "தொட்டா போச்சு, ஒரே அடி. வெரல மட்டும் வச்சிடாதீங்கக்கா, நகம் பேந்துரும். கருவாடு வைங்க, ஓடி வரும்." "நாங்க சைவம்ப்பா." "நீங்க சைவம் சரி, அது எந்த மடத்துல தீட்சை வாங்குச்சு?" என்று கேட்டுவிட்டு அவனே சிரித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்தது. கடைகளில்தான் அவளுக்குச் சிரிப்பு வருகிறது. அப்புறம் அவனே சொன்னான்: "புது சாமானக் கண்டா கிட்ட வராதுக்கா. அது எங்க திங்கப் பழகியிருக்கோ அங்கயே வைங்க." அதனால்தான் மரப்பொறியின் கதவைக் கழற்றி எறிந்துவிட்டு அந்தப் பெட்டிக்குள்ளேயே இதை வைத்தாள். பழகிய இடத்தில்தான் யாரும் ஏமாறுவார்கள். அவளே பழகிய இடத்தில் ஏமாந்தவள்தானே.

அந்த மரப்பொறி அவளை என்ன பாடு படுத்தியது. படுக்கப்போகும் முன் கொக்கியில் வடையைக் குத்திக் கதவைத் தூக்கி மாட்டிவிட்டுப் போவாள். மூட்டுவலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்தால் இடி விழுந்தாலும் தெரியாது. காலையில் போய்ப் பார்த்தால் கதவு விழுந்திருக்கும், உள்ளே எலி இருக்காது, வடையும் இருக்காது. வாலை உள்ளே விட்டு இழுக்கிறதா, இல்லை கதவைத் தூக்கிக்கொண்டு வெளியே வருகிறதா? கொக்கியைக் குச்சியால் தொட்டுத் தொட்டுச் சோதித்தாள், சரியாகத்தான் விழுந்தது. வெந்நீர் ஊற்றிக் கழுவி வெயிலில் காயவைத்தாள், போன எலியின் வாடை இருந்தால் வருகிற எலி நுழையாதாம். தேங்காய்ச் சில்லைச் சுட்டு வைத்தாள், அது மட்டும் அப்படியே கிடந்தது. "இனிப்பா வச்சுப் பாரேன்" என்று அவர்தான் கட்டிலில் இருந்தபடி யோசனை சொன்னார், எது எதற்கு என்று பேர் சொல்லாமல். சரியென்று அதிரசத்தில் ஒரு துண்டு வைத்தாள், போயிற்று. பெருமாள் கோவில் லட்டில் பாதி வைத்தாள், போயிற்று. மைசூர்பாகு வைத்த அன்று கதவுகூட விழவில்லை, அத்தனை பதமாக எடுத்திருந்தது. அப்போதே அடிக்கிற பொறி வாங்கிவிடலாமா என்று ஜாடையாகக் கேட்டாள். "ஏய், பாவத்தைக் கட்டிக்காதே. பிள்ளையார் வாகனம்டி. இருக்கிறதே போதும்" என்று சத்தம் போட்டார். முன்பு ஒருதரம் மூஞ்சூறு ஒன்று மாட்டியபோது காவேரிக்கரை வரை அவளை நடக்கவைத்து விட்டுவரச் சொன்னார். வாசலில் நின்று பொறியைக் கையெடுத்துக் கும்பிட்டார். அந்த மனிதருக்குத்தான் எத்தனை இரக்கம்! வாசலில் நின்ற பெற்ற பெண்ணைப் பார்த்துக் கதவைச் சாத்தின கை அது.

அபயா. நினைக்கும்போதே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. அந்தப் பேரையும் இந்த வீட்டில் சொல்லக்கூடாது. அபயாம்பாள் சன்னதியில் வேண்டிக்கொண்டு பெற்ற பெண், திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்சு. கூட வேலைபார்த்த பையனையே கட்டிக்கொண்டாள், வேறு சாதி. அன்றைக்கே இவர் காவேரியில் துலாக்கட்டத்துக்குப் போய் முழுக்குப் போட்டுவிட்டு ஈர வேட்டியோடு வந்து, "தலைமுழுகிட்டேன். இனிமே அது பேரு இந்த வீட்ல கேக்கக்கூடாது" என்றார். அதுவும் 'அது'தான். எலியும் அது, பெற்ற பெண்ணும் அது. பெண் உஷாராகிவிடுவாள் என்றா பயம்? கொல்லைக் குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீர்ச் சத்தத்துக்குள்ளே ஒளிந்துகொண்டு தையல்நாயகி மகளோடு போனில் பேசுவாள். நேற்றும் பேசினாள். "அம்மா, போட்டோ அனுப்பினியே, பாத்தேன். வெளிய கட்டற கட்டு போதாதும்மா. செத்த சதைய எடுத்துட்டுத் தெனம் கட்டணும். நான் லீவு போட்டுட்டு வந்து கூடவே இருந்து பாத்துக்கறேன். காலக் காப்பாத்திடலாம்மா." இதை நேற்று ராத்திரியே, வேறு யாரோ சொன்ன மாதிரி, நர்சு ஒருத்தியை வீட்டோடு வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்டுப் பார்த்தாள். அவருக்கா புரியாது? "அது கையால மருந்து போட்டுக்கறதுக்குக் கால் போகட்டும்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். ஆக எலி மாட்டினால் கால் பிழைத்துவிடும், மகளுக்கு வேலையில்லை. மாட்டாவிட்டால் கால் போகும், அப்போது அவள் வந்தாலும் வராவிட்டாலும் ஒன்றுதான். மாட்டட்டும் என்று வேண்டிக்கொண்டே, மாட்டவேண்டாம் என்றும் ஒரு மூலையில் ஏதோ முணுமுணுக்கிறதே, அது யார்? ச்சீ. கட்டின புருஷன் கால். ஆனால் போன மாதம் டாக்டரிடம் என்ன செய்தார்? சர்க்கரை குறையவே இல்லையே, வீட்டில் என்னம்மா கொடுக்கிறீர்கள் என்று டாக்டர் இவளைப் பிடித்துக் காய்ச்சினார். இவள் கேழ்வரகுக் களியையும் பாகற்காயையும் சொல்லிக்கொண்டு நிற்கிறாள். அவர் விட்டத்தைப் பார்த்தபடி, "நான் என்னத்தக் கண்டேன் டாக்டர். அவ போடறதைச் சாப்பிடறேன்" என்றார். டாக்டர் அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே! வீட்டுக்கு வந்து உப்பு டப்பாவையும் சர்க்கரை டப்பாவையும் திறந்து நாக்கில் வைத்துப் பார்த்தாள், கை மறந்து மாற்றிப் போடுகிறோமோ என்று. தன்மேலேயே சந்தேகம் வருகிற அளவுக்கு அவளை ஆக்கி வைத்திருந்தார்கள். அவளே ஒருவேளை அந்தக் காலை அரித்துத் தின்கிறாளோ என்றுகூட ஒருநாள் தோன்றியது.

குறட்டை நின்றிருந்தது. எப்போது நின்றது? மின்விசிறி மட்டும் தனியாக முனகிக்கொண்டிருந்தது. கட்டில் ஒருதரம் கிறீச்சிட்டது. கொல்லைக்குப் போக எழுந்திருக்கிறார் போலிருக்கிறது, எழுந்தால் செருமுவாரே, தண்ணீர் வை என்பாரே. செருமவில்லை. காலை இழுத்து வைக்கிற சத்தம், சரக், அப்புறம் ஒரு நிறுத்தம். மறுபடி சரக். நிற்கிறார், அவள் தூங்குகிறாளா என்று பார்க்கிறார், பார்க்கட்டும். ஏன் என்று தெரியாமலேயே அவள் மூச்சை நீளமாக்கி விட்டாள். சரக், சரக். கொல்லைக் கதவு இந்தப் பக்கம், சத்தம் அந்தப் பக்கம் போகிறது. சாமான் அறைக் கதவின் கீல் மெதுவாக, மிக மெதுவாக, பழகிய கை தள்ளினால் எப்படித் திறக்குமோ அப்படித் திறந்தது. அப்போதுதான் அவளுக்கு எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தது, அதிரசம், லட்டு, கதவே விழாத மைசூர்பாகு, தின்னாமல் விட்ட தேங்காய்ச் சில்லு, பிள்ளையார் வாகனம், போடறதைச் சாப்பிடறேன் டாக்டர். எலி எங்கே தின்றது! அவள் தினம் தினம் யாருக்கு இரை வைத்தாள்! ஐயோ, அந்தப் பச்சைக் கட்டி. காலையில் அதை வாங்கி வந்து வைத்திருந்தால்? பச்சைக்கட்டி இல்லை, இரும்புப் பொறிதான், கை உள்ளே போகப்போகிறது, இருட்டு, அவருக்குக் கண்ணும் சரியில்லை, கூப்பிடு, வேண்டாங்க கைய விடாதீங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாயைத் திறந்தாள். பொறி என்று சொல்லவேண்டும். அந்தச் சொல்லைத்தான் இந்த வீட்டில் சொல்லக்கூடாதே. சட்டம் போட்டவர் அவர்தானே. திறந்த வாய் திறந்தபடி இருந்தது, சத்தம் வரவில்லை, அவள் வரவிடவில்லை, விட்டம் தெரிந்தது, விட்டத்தில் ஒட்டடை தெரிந்தது, இன்னும் நேரமிருக்கிறது, இன்னும் நேரமிருக்கிறது. டப்.

அலறுவார் என்று நினைத்தாள். அலறவில்லை. பல்லுக்கு நடுவே மூச்சை இழுக்கிற சத்தம் மட்டும் ஒன்று வந்தது. அப்புறம் அதுவும் இல்லை. அலறினால் அவள் எழுந்து வந்துவிடுவாள், வந்தால் தெரிந்துவிடும், அதனால் வாயை மூடிக்கொண்டு வலியைத் தின்றார். அவளுக்கு அதைக் கேட்க முதலில் சந்தோஷமாக இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய். அப்புறம் பாவி பாவி என்று அடித்துக்கொண்டது நெஞ்சு. எழுந்து ஓடவேண்டும் போலிருந்தது. சர்க்கரை உடம்பு, கையிலும் காயம் பட்டால் ஆறுமா, நகம் பேந்திருக்குமா, எந்த விரல்? ஓடவில்லை. இரும்பை நெம்பி விரலை எடுக்கிற சத்தம், சரக், சரக், கட்டில் கிறீச். குறட்டை திரும்ப வரவில்லை. இரண்டு பேரும் ஒரே வீட்டில், ஒரு சுவருக்கு இந்தப்புறமும் அந்தப்புறமுமாக, தூங்குகிற மாதிரி படுத்துக்கொண்டு கண்ணை விழித்துக் கிடந்தார்கள். இத்தனை வருஷக் குடித்தனத்தில் இதைவிட நெருக்கமாக ஒருநாளும் இருந்ததில்லை என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது.

காபி நேரம் வந்ததும் எழுந்தாள். பாலை அடுப்பில் வைத்துவிட்டுச் சாமான் அறைக்குள் போய்க் குனிந்து பார்த்தாள். இரும்பு வாய் மூடிக் கிடந்தது, விளிம்பில் ரத்தம் ஒரு சொட்டு. வடையைக் காணோம். அடிபட்ட பிறகும் எடுத்துக்கொண்டுதான் போயிருக்கிறார். அவள் அரிசி டிரம்மைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு சர்க்கரை இல்லாத காபியை ஆற்றி எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். குஞ்சிதபாதம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், முகம் வெளிறியிருந்தது, வலது கை மடியில் துண்டுக்குள்ளே இருந்தது. இடது கையை நீட்டினார்.

"என்ன, எடது கையால வாங்கறீங்க?"

"வலது கை மரத்துக் கெடக்கு. படுத்த வாக்குல."

சின்ன வயசில் அபயா இடது கையால் தம்ளரை நீட்டினாள் என்று தட்டிவிட்டு உடைத்தவர். அவள் தம்ளரை அந்த இடது கையிலேயே வைத்தாள்.

"சாமான் ரூம்ல பாத்தேன். அடிச்சிருக்கு, ஆனா ஒண்ணும் மாட்டல. வடையையும் காணும்."

அவர் காபியை ஒரு வாய் குடித்தார். அவள் முகத்தைப் பார்க்காமல், "கெட்டிக்கார எலிடி" என்றார்.

அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அந்தச் சொல்லை அவரே வாய்விட்டுச் சொன்னார். சொன்னது அவருக்கே உறைக்கவில்லை. தையல்நாயகி கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"அபயா நாளைக்கு வரா" என்றாள். "நான் வரச்சொல்லப் போறேன்."

கூடத்தில் அந்தப் பேர் எத்தனை சத்தமாகக் கேட்டது! அவர் கழுத்து நரம்பு புடைத்தது. "யாரைக் கேட்டுடி..." என்று ஆரம்பித்துக் கையை ஓங்க எடுத்தவர், துண்டுக்குள் எதுவோ உரசி, முகம் கோணிப்போய், அப்படியே நிறுத்திக்கொண்டார்.

"கால் கட்ட மாத்திட்டுப் போகட்டும்" என்றாள் அவள், அந்தத் துண்டைப் பார்த்துக்கொண்டே. "கைக்கும் சேத்து அவளே கட்டிடுவா."

அவர் தலை மெதுவாகக் குனிந்தது. தம்ளரில் மிச்சமிருந்த கசப்புக் காபியைச் சத்தமில்லாமல் குடித்தார். அப்போது பரணில் குடுகுடுவென்று ஏதோ ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. இருவருக்கும் கேட்டது, இருவருமே அண்ணாந்து பார்க்கவில்லை. இன்று ராத்திரியும் அவர் காலைச் சுற்றிக் கட்டவேண்டும். அதற்குப் பழைய புடவை ஒன்றைக் கிழித்து வைக்க அவள் எழுந்து உள்ளே போனாள்.